கடைசிக் கொடி

மேனேஜர் அந்தச் சிவப்புக் கொடியை நீட்டியபோது, அதைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒரு போடு போட வேண்டும் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. போடவில்லை. வாங்கிக்கொண்டாள். வேலை நிலைக்க வேண்டும் என்பதற்காக ஒருத்தி எத்தனையோ கண்றாவிகளை வாங்கிக்கொள்கிறாள். அதில் இதுவும் ஒன்று என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பெரிய ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளையும் துண்டுகளையும் வெளுத்துத் தேய்த்துக் கொடுக்கும் சலவைக் கம்பெனியில் அவளுக்கு வேலை. வருடத்துக்கு ஒரு முறை அந்தக் கம்பெனி ஊருக்கே ஓட்டப் பந்தயம் நடத்தும். முடிகிற இடத்தில் காற்றடைத்த பெரிய வளைவு ஒன்று நிற்கும். அதன் மேல் 'ஆரோக்கியமே ஆனந்தம்' என்று எழுதியிருக்கும். கம்பெனிப் பெண்களில் ஒவ்வொரு வருடமும் அந்த வளைவுக்குள் முதல் ஆளாக நுழைகிறவள் இவள்தான். அதனால் கம்பெனி முழுக்க இவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இந்த வருடம் எக்ஸ்பிரஸ் தடம் புரண்டுவிட்டது. சலவை அறையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. தரைக்கு ரப்பர் விரிப்பு போடுங்கள் என்று பெண்கள் கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போனதற்குப் பிறகு நடந்த விபத்து அது. மெதுவாக ஓடலாம், பந்தயம் மட்டும் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைக் கேள்விப்பட்ட மேனேஜர் ரொம்பப் பெரிய மனதோடு அவளுக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்.

"உங்க வேலை ரொம்ப சுலபம்," என்றார். "எல்லாருக்கும் கடைசியா யார் ஓடறாங்களோ, அவங்களுக்குப் பின்னால இந்தக் கொடியோட போகணும். யாரையும் தாண்டக் கூடாது. உங்களுக்குப் பின்னால நம்ம கம்பெனி வேன் வரும். கொடிக்குப் பின்னால யாராவது தங்கிட்டா அவங்க ரேஸ்ல இல்லைன்னு அர்த்தம். வேன்ல ஏத்திட்டு ரோட்டைத் திறந்துடுவாங்க. நீங்க கோட்டைத் தாண்டி, மைக்ல 'எனக்குப் பின்னால யாரும் இல்ல'ன்னு சொல்லணும். அதோட ரேஸ் முடிஞ்சுது."

"முதல்ல வர்றவ எதுவும் சொல்ல வேண்டாம். கடைசில வர்றவ மட்டும் மைக்கைப் பிடிச்சு ஊருக்கே சொல்லணுமா?"

"அது ஒரு மரியாதைங்க."

"யாருக்கு?"

மேனேஜருக்கு அந்த நேரம் பார்த்து போனில் ஏதோ முக்கியமாக வந்துவிட்டது.

கொடியைவிட அவளுக்கு எரிச்சல் மூட்டியது வேறு ஒன்று. அந்தக் கடைசி ஆள் யாராக இருக்கும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அவளுடைய ஓரகத்திதான். புருஷனின் அண்ணன் மனைவி. வீட்டில் எல்லோருக்கும் அவள் பெரியவள். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே கம்பெனி, ஒரே ரோலர். ரோலர் என்பது விரிப்பைத் தேய்க்கும் ராட்சத உருளை. இருவர் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து ஒரே சீராக உள்ளே விட வேண்டும். ஒருத்தி கொஞ்சம் முந்தினால் துணி கோணிக்கொண்டு போகும், மறுபடி இழுத்து முதலிலிருந்து விட வேண்டும். கோணுவது எப்போதும் எக்ஸ்பிரஸ் பக்கம்தான். பெரியவள் ஒன்றும் சொல்ல மாட்டாள். தன் முனையைப் பிடித்தபடி காத்திருப்பாள். அந்தக் காத்திருப்பே இவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பும். நாலு வார்த்தை திட்டித் தொலைத்தால் என்ன என்று இருக்கும்.

அந்தப் பெரியவள் இந்த வருடப் பந்தயத்தில் பெயர் கொடுத்திருந்தாள். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

போன வருடம் மூத்தாரும், அதாவது பெரியவளின் புருஷனும், அவளும் சேர்ந்து இந்தப் பந்தயத்தில் கலந்துகொண்டார்கள். மூத்தார் அதே கம்பெனியில் கறை எடுக்கும் அறையில் இருந்தவர். ரத்தக் கறை, பேனா மைக் கறை, ஒயின் கறை எல்லாவற்றுக்கும் அங்கே தனித்தனி மருந்து உண்டு. அந்த அறையின் காற்றாடி ஓடி எந்தக் காலமோ ஆயிற்று. அடுத்த மாதம் மாற்றுகிறோம், அடுத்த மாதம் மாற்றுகிறோம் என்று சொல்லிச் சொல்லியே அவர் நுரையீரலைத் தின்றுவிட்டார்கள். நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குகிற நிலைமையில், ஒரு தடவையாவது அந்த வளைவுக்குள் நடந்து போக வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. பாதி வழியில், மருந்துக்கடைக்கு எதிரே உள்ள சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை. கொடி தாண்டிப் போய்விட்டது. வேன் வந்து ஏற்றிக்கொண்டது. அதே நேரத்தில் எக்ஸ்பிரஸ் மேடையில் கோப்பையோடு நின்றுகொண்டிருந்தாள்.

அதன் பிறகு அவர் அதிக நாள் இல்லை. கம்பெனி நோட்டீஸ் போர்டில் அவர் போட்டோவை ஒட்டி ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தது. கொஞ்ச நாளில் அந்தப் போட்டோவின் மேலேயே இந்த வருடப் பந்தயத்தின் போஸ்டரை ஒட்டியது. அதைப் பார்த்த அன்று எக்ஸ்பிரஸ் வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுகளை உடைத்தாள். பெரியவள் துடைப்பத்தை எடுத்துச் சில்லுகளைக் கூட்டினாள். மறுநாள் போய்ப் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். அவர் விட்ட இடத்திலிருந்து வளைவு வரை போய்ச் சேர வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காலையில் பந்தயம் தொடங்கியது. கூட்டம் மொத்தமும் திமுதிமுவென்று போனது. முழங்காலில் பட்டையைக் கட்டிக்கொண்டு, கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அத்தனை பேரின் முதுகையும் அவள் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் பார்த்திராத காட்சி அது. பந்தயத்தில் முதுகு என்றால் தாண்டுவதற்கு என்றுதான் அவள் கால்களுக்குத் தெரியும். முதுகைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக அவற்றுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை.

கொஞ்ச தூரத்தில் கூட்டம் கரைந்து இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவர் ஆரஞ்சு நிறச் சட்டை போட்ட தொப்பைக்காரர். ஓடுவார், நிற்பார், போனை எடுத்துத் தன் முகத்தைத் தானே படம் பிடித்துக்கொள்வார், மறுபடி ஓடுவார். அவருக்கும் பின்னால் பெரியவள்.

பெரியவள் ஓடிய லட்சணத்தை ஓட்டம் என்று சொல்ல எக்ஸ்பிரஸுக்கு மனம் வரவில்லை. பாதத்தைத் தூக்குகிறாளா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சின்னச் சின்ன அடி. போதாததற்கு, சாலையின் இடது ஓரம் முழுக்க மரநிழல் விழுந்திருக்க, அவள் அதை விட்டுவிட்டு வெயிலில் ஓடினாள்.

"நிழல்ல வாக்கா. இவ்வளவு இடம் கெடக்கு. கிறுக்கா உனக்கு?"

"பரவால்லம்மா."

"என்ன பரவால்ல? மண்டை காயுது. என்னையும் சேர்த்துக் காய வைக்கிற."

பெரியவள் அதே சின்ன அடியில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் கம்பெனி வேன் உறுமிக்கொண்டே ஊர்ந்தது. அதை ஓட்டியது எக்ஸ்பிரஸின் புருஷன். தினமும் ஓட்டல்களுக்குத் துணி கொண்டுபோகும் அதே வேன். பந்தய நாளில் முடியாதவர்களை அள்ளிப்போடும் வேன். போன வருடம் மருந்துக்கடை வாசலில் தன் அண்ணனைத் தூக்கி ஏற்றியவனும் அவன்தான். அன்றிலிருந்து அவன் வீட்டில் பேசுவது குறைந்துபோனது. முன்னேயும் அவன் ஒன்றும் பெரிய பேச்சாளன் இல்லை.

மருந்துக்கடை வந்தது. எதிரே அந்தப் பெஞ்ச். பெரியவள் நேராக அதனிடம் போய், வலது ஓரமாக, இன்னொருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.

எக்ஸ்பிரஸ் கொஞ்ச நேரம் பொறுத்தாள். அவளைப் பொறுத்தவரை அது ரொம்ப நேரம்.

"போதும்க்கா, எழுந்திரு."

"இரும்மா. கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம்."

"உனக்கு மூச்சே வாங்கல. வேர்வைகூட சரியா வரல. எதுக்கு உக்காரணும்? அந்த ஆரஞ்சு சட்டைக்காரர்கூட போயிட்டாரு. நேரமாச்சுன்னா அங்க எல்லாத்தையும் மூட்டை கட்டிடுவாங்க. அப்புறம் இத்தனை தூரம் ஓடி வந்து என்ன பிரயோஜனம்?"

பெரியவள் அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமும் இல்லை, கெஞ்சலும் இல்லை.

"நீ ஓடும்மா. நாங்க மெதுவா வர்றோம்."

அது மூத்தாருடைய வாக்கியம். ஒவ்வொரு பந்தயத்தின் தொடக்கத்திலும் இவளுடைய தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொல்லுகிற அதே வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அவர் செத்த பிறகு அதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது கேட்டதும் நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. வலி வந்தால் அழுகிற ஜாதி இல்லை அவள். வலி வந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"அவர் பேச்சை நீ பேசாத," என்று கத்தினாள். "உக்காரு. நல்லா உக்காரு. வேன் வந்து அள்ளிட்டுப் போகட்டும். எனக்கென்ன வந்தது."

ஓடினாள்.

முதல் நாலு அடியில் முழங்கால் சுருக்கென்றது. அதற்கப்புறம் அதுவும் வாயை மூடிக்கொண்டது. காற்று காதில் இரைந்தது. எத்தனை மாதம் ஆயிற்று இந்த இரைச்சலைக் கேட்டு. மேனேஜர் மேல் கோபம், வழுக்கிய தரை மேல் கோபம், ஓடாத காற்றாடி மேல் கோபம், போஸ்டர் மேல் கோபம், வளைவுக்குள் நுழையாமலே போய்ச் சேர்ந்த மூத்தார் மேல் கோபம். எல்லாமும் காலுக்கு வந்து சேர்ந்தன. எதிரே ஒரு முதுகு தெரிந்தது. முதுகைக் கண்டால் கால் என்ன செய்யுமோ அதைச் செய்தது. வலது பக்கமாக ஒதுங்கி, தோளை உரசாமல், அழகாகத் தாண்டினாள்.

"அக்கா, ஒரு நிமிஷம்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் இடுப்பில் கை வைத்து நின்றார். "கடைசிக் கொடின்னு உங்களைத்தானே காட்டினாங்க? கடைசி ஆளே என்னைத் தாண்டிப் போயிட்டா, அப்ப நான் எங்க இருக்கேன்?"

அவள் நின்றாள். தோளில் கொடி படபடத்தது. பந்தயக்காரி ஒருத்தியின் கையில் கடைசிக் கொடியைக் கொடுத்தால் இதுதான் நடக்கும் என்று அவளுக்கே அப்போதுதான் உறைத்தது.

திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் மருந்துக்கடை வாசலில் வேன் நின்றுகொண்டிருந்தது. அவள் புருஷன் கீழே இறங்கி, சாலையை மறித்து வைத்திருந்த மஞ்சள் கூம்புகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். அதுவரை முடக்கி வைத்திருந்த கார்களும் லாரிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்துகொண்டிருந்தன.

"நீங்க போங்க. நீங்க ரேஸ்லதான் இருக்கீங்க," என்று அவரிடம் சொல்லிவிட்டு, வந்த வழியே ஓடினாள். எதிரே வந்த லாரிக்காரர் அவளைப் பார்த்து ஏதோ சொன்னார். அவள் அதைவிட மோசமாக ஒன்று சொன்னாள்.

பெரியவள் வேனின் பக்கத்தில் நின்றாள். கதவு திறந்திருந்தது. ஏறவில்லை. ஏற மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதவுக் கம்பியில் ஒரு கையை வைத்துக்கொண்டு உள்ளே இருந்த காலி சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு ரோட்டைத் திறந்தீங்க?" புருஷனிடம் பாய்ந்தாள்.

"மேனேஜர் போன் பண்ணி கொடி எங்கன்னு கேட்டாரு. முன்னால போயிடுச்சுன்னு சொன்னேன். அப்ப பின்னால இருக்கறவங்களை ஏத்திட்டு ரோட்டைத் திறன்னாரு."

"சொன்னா? கொஞ்ச நேரம் சும்மா நிக்கத் தெரியாதா? அண்ணின்னு ஒரு இது வேண்டாம்? போன வருஷம் உங்க அண்ணனைத் தூக்கிப் போட்டீங்க. இந்த வருஷம் அண்ணியையா?"

அவன் கையில் இருந்த கூம்பைக் கீழே வைத்தான்.

"அன்னிக்கு நான் தூக்கினேன்ல," என்றான். "எடையே இல்ல அவன்கிட்ட. நம்ம ஈர விரிப்பு ஒண்ணு அதைவிட கனமா இருக்கும். யார்கிட்டயும் சொல்லல நான்."

அவனை இனித் திட்ட முடியாது. மேனேஜரைத் திட்டலாம், அவர் இங்கே இல்லை. கம்பெனியைத் திட்டலாம், அதற்குக் காது இல்லை. கொடியைத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? கோபப்பட ஆள் தேடித் தேடிக் கடைசியில் அவள் பெயரே வந்து நின்றது. அந்தக் கோபம் மற்ற எல்லாவற்றையும்விடக் கசந்தது.

"வாக்கா, போலாம்," என்றாள்.

"கொடி போயிடுச்சேம்மா. நான் ரேஸ்ல இல்லையாமே."

"கொடி எங்கயும் போகல. என் கையில இருக்கு. தப்பு பண்ணது நான், நீ இல்ல. நீ முன்னால ஓடு. நான் உன் பின்னால வர்றேன். இனிமே கொடி உன்னைத் தாண்டாது."

"ரோடு திறந்துடுச்சே."

"இவர் எதுக்கு இருக்காரு?"

அவள் புருஷன் வண்டியில் ஏறினான். நாலு விளக்கையும் மினுக்கவிட்டு, வேனைச் சாலையின் குறுக்கே கொஞ்சம் சாய்த்து, அவர்கள் இருவருக்கும் பின்னால் ஊர்ந்தான். பின்னால் வந்த வண்டிகள் ஹார்னைப் பிடித்துக்கொண்டு அலறின. போன் அடித்தது. அவன் எடுக்கவில்லை. கல்யாணமான இத்தனை வருடத்தில் மேனேஜரின் போனை அவன் எடுக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

பெரியவள் மறுபடி அந்தச் சின்ன அடியில் ஓடத் தொடங்கினாள். மறுபடி நிழலை இடப்பக்கம் விட்டு வெயிலில். எக்ஸ்பிரஸ் இந்தத் தடவை அவள் கால்களைக் கவனித்தாள். ஓடத் தெரிந்த ஒருத்தியின் கண்ணுக்குச் சிலது தப்பாது. அந்தக் கால்களில் தள்ளாட்டம் இல்லை. கட்டி வைத்த வேகம் அது, இயலாத வேகம் இல்லை.

"அக்கா, உன்னால இதைவிட வேகமா ஓட முடியும்ல?"

"முடியும்."

"அப்புறம் என்ன எழவுக்கு இப்படித் தவழ்ற?"

பெரியவள் திரும்பிப் பார்க்காமல்தான் சொன்னாள்.

"இதுக்கு மேல போனா அவருக்கு மூச்சு வாங்கும்."

எக்ஸ்பிரஸ் கொடியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

"கடைசி வருஷம் முழுக்க தினமும் காலைல அவரை நடக்கக் கூட்டிட்டுப் போவேன்ல, அப்ப இதான் அவர் வேகம். அவர் போனப்புறமும் அந்த நேரத்துக்கு எனக்கு முழிப்பு வந்துடுது. எழுந்து ஓடறேன். மத்தவங்க கண்ணை மூடிக்கிட்டு உக்காந்து வேண்டிக்குவாங்க. எனக்கு அது வரல. இந்த வேகத்துல போனா அவர் பக்கத்துல இருக்கற மாதிரி இருக்கு. ஒரு அடி எட்டிப் போட்டாலும் தனியாயிடறேன்."

"அதுக்குத்தான் நிழலை..."

"அவருக்கு வெயில் ஆகாதேம்மா."

சாலை ஓரத்தில் கடைக்காரர் ஒருவர் ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தார். மாடி வீட்டில் யாரோ பால்கனித் தரையைத் தேய்த்துத் தண்ணீரைக் கொட்டினார்கள். இந்தச் சாலையில் வருடா வருடம் ஓடுகிறவள் அவள். இங்கே ஒரு பால்கனி இருப்பதே இன்றைக்குத்தான் தெரிந்தது. ரோலரில் துணி கோணாமல் போன நாட்கள் எப்போதாவது உண்டு. பெரியவளின் கையோடு தன் கையும் தன்னை அறியாமல் சேர்ந்துவிடும், விரிப்பு ஒரு சுருக்கம் இல்லாமல் உள்ளே போகும், இயந்திரத்தின் சத்தம்கூடக் காதில் விழாது. அந்த மாதிரி இப்போது அவள் பாதம் பெரியவளின் பாதத்தோடு சேர்ந்து விழுந்தது. தன் மூச்சு தனக்கே கேட்டது. ஓடும்போது அது எப்படி இருக்கும் என்று இதுவரை அவளுக்குத் தெரியாது. கோபம் எங்கேயும் போய்விடவில்லை. கூடவே வந்தது, ஆனால் கழுத்தைப் பிடித்துத் தள்ளாமல் வந்தது.

"நான் எதுக்கு ஓடறேன்னு அவர் ஏதாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"சொல்வாரு. 'நம்ம ரெண்டு பேருக்கும் கோவப்பட வராது. அதையும் சேர்த்து அவதான் பட்டுக்கறா, பாவம். அவ ஓடட்டும்'னு சொல்வாரு."

எக்ஸ்பிரஸுக்குக் கண் எரிந்தது. வேர்வை என்று சொல்லிக்கொள்ள வசதியாக நெற்றியையும் சேர்த்துத் துடைத்தாள்.

"பேசாம ஓடுக்கா," என்றாள்.

கடைசித் திருப்பத்தில் வளைவு தெரிந்தது. தெரிந்தவுடனேயே அது சரியத் தொடங்கியது. காற்றடிக்கும் மோட்டாரை நிறுத்திவிட்டிருந்தார்கள். மேலே எழுத்துக்கள் ஒவ்வொன்றாக மடங்கி, 'ஆரோக்கியமே' முழுவதும் காணாமல் போய், 'ஆனந்தம்' மட்டும் கொஞ்ச நேரம் தனியாக நின்றது. அதற்கப்புறம் அதுவும் படுத்துவிட்டது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சுச் சட்டைக்காரர் மட்டும் வாழைப்பழம் தின்றபடி ஓரமாக உட்கார்ந்திருந்தார். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

மேனேஜர் வேகமாக எதிரே வந்தார். "என்னங்க இது, ரேஸ் முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு. வேனை வேற நடு ரோட்டுல..."

"யார் சொன்னது முடிஞ்சுதுன்னு?"

"எல்லாரும் வந்தாச்சு. பரிசும் குடுத்தாச்சு."

"கொடி வரல. நான் மைக்ல சொல்லல. நீங்கதானே சொன்னீங்க, அது சொன்னாதான் ரேஸ் முடியும்னு. மரியாதைன்னு வேற சொன்னீங்க."

"இவங்க கொடிக்குப் பின்னால தங்கிட்டதா..."

"கொடிதான் புத்தி கெட்டு முன்னால போச்சு. தூக்கிட்டு ஓடினவ நான். அதுக்கு நாளைக்கு என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க, பதில் சொல்றேன். காத்தாடி ஏன் ஓடலன்னு நானும் கேக்கறேன், நீங்க பதில் சொல்லுங்க. இப்ப மோட்டாரைப் போடச் சொல்லுங்க."

மேனேஜர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் வேனின் கதவு அறைந்து சாத்தும் சத்தம் கேட்டது. அவள் புருஷன் யாரையும் பார்க்காமல் நேராகப் போய், குனிந்து, மோட்டாரின் சுவிட்சைத் தட்டினான். தரையில் கிடந்த துணி பொருமிப் பொருமி எழுந்தது. முழுதாக எழவில்லை. ஓராள் நிமிர்ந்து நுழையும் உயரத்துக்கு எழுந்தது. அவன் ஒரு பக்கத்தைத் தோளால் முட்டுக்கொடுத்துப் பிடித்துக்கொண்டான்.

பெரியவள் ஓட்டத்தை விடாமல் அதே இடத்தில் கால் மாற்றிக்கொண்டிருந்தாள். வழி கிடைத்ததும் முன்னே போனாள். கோட்டுக்கு அருகில் அவள் வந்தபோது மேனேஜர் சுதாரித்துக்கொண்டார். எப்படியும் நடக்கப் போகிறது, கம்பெனிக்கு ஒரு படமாவது மிஞ்சட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, போனைத் தூக்கிப் பிடித்தபடி பெரியவளின் இடது பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

"தள்ளுங்க," என்றாள் எக்ஸ்பிரஸ்.

"ஒரே ஒரு போட்டோ..."

"அந்தப் பக்கம் நிக்காதீங்க. அது அவர் வர்ற வழி."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "யாருங்க? யாரும் இல்லையே."

"கறை எடுக்கற ரூம்ல இருந்தாரே, அவருதான். போன வருஷம் பாதில ஏத்தினீங்கல்ல. மீதியை ஓடி முடிக்க வந்திருக்காரு. மெதுவாத்தான் வருவாரு, மூச்சு வாங்கும். வழி விடுங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். போன் வைத்திருந்த கை தானாகக் கீழே இறங்கியது. ஒரு அடி நகர்ந்தார். அப்புறம் இன்னும் ஒரு அடி நகர்ந்தார்.

பெரியவள் இடது பக்கம் ஓராள் இடத்தை விட்டபடியே கோட்டைத் தாண்டினாள். தாண்டியதும் நின்று, அந்தப் பக்கம் திரும்பி, ஏதோ சொன்னாள். என்ன என்று யாருக்கும் கேட்கவில்லை.

எக்ஸ்பிரஸ் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, அவள் சொல்லி முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு தாண்டினாள். மைக் கட்டி வைத்த மூட்டையில் இருந்தது. ஆரஞ்சுச் சட்டைக்காரர் அதைப் பிரித்து எடுத்துவந்து கொடுத்தார். அது வேலை செய்கிறதா என்றுகூட அவள் தட்டிப் பார்க்கவில்லை.

"எனக்குப் பின்னால யாரும் இல்ல," என்றாள். "எங்க வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்தாச்சு."

கொடியைச் சுருட்டி மேனேஜர் கையில் கொடுத்துவிட்டு, வளைவைத் தாங்கிக்கொண்டு நின்ற புருஷனிடம் போய், "விடுங்க, போதும்," என்றாள்.